வலது காது சகலைக்கு

ஏனுங்க தம்பி, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே? உங்க பனியன்ல இருக்கற படம் தலகீழா இருக்குதுங்க.

ஐயோ, நீங்க சரியாத்தான் போட்டிருக்கறீங்க. கழுத்து மேல இருக்குது, கை ரெண்டு பக்கமும் இருக்குது. படந்தான் தலகீழு. எங்க வாங்குனீங்க, காதர்பேட்டைலயா? நெனச்சேன். அது எம்பட பட்டறைல அடிச்ச சரக்குங்க. திருப்பூர்ல ரிஜெக்ட் ஆன பனியன் வேற எங்க போகும்? நம்ம ஜில்லாவுல பாதிப் பேரு இதப் போட்டுட்டுத்தான் திரியறாங்க. எங்க தெருவுல தண்ணி லாரி ஓட்டறவரு போட்டிருக்காரு. யாருக்கும் இது என்னன்னு தெரியாது, கருப்பா இருக்குது, அழுக்குத் தெரியாது, அம்புட்டுத்தான்.

முள்ளுச்செடி இல்லீங்க. எழுத்துங்க. நல்லாப் பாருங்க. இன்னும் நல்லாப் பாருங்க. செரி விடுங்க, தெரியாது. யாரும் படிக்கக்கூடாதுன்னே வரையறதுங்க அது. 'ஆஸ்க்வின்டர்'னு எழுதியிருக்குது. ஸ்வீடன் தேசத்துப் பாட்டுக்காரங்க. மெலோடிக் டெத் மெட்டல்னு ஒரு வகைப் பாட்டு. டெத்துன்னதும் மூஞ்சியச் சுளிக்காதீங்க, எல்லாஞ் சொல்றேன். இப்பத்தான சேலமே தாண்டியிருக்கறம், பெங்களூருக்கு இன்னும் எவ்வளவோ கெடக்குது.

மொதல்ல நீங்க கேட்டதுக்குப் பதில் சொல்லிர்றேன். திருப்பூர்ல பஸ்ஸு எடுக்கறப்ப ஒருத்தரு உங்ககிட்ட வந்து, 'தம்பி, பின்னால எம்பட சீட்டு இருக்குது, அதுக்குப் போயிக்கறீங்களா, நான் இங்க உக்காந்துக்கறேன்'னு மாத்திக்கிட்டாரில்ல? அதா, முன்னால சன்னலோரம், கருப்புப் பனியன், கழுத்துல துண்டு. அவரு எம்பட சகலைங்க. நாச்சிமுத்து. ஒரே ஊட்டுல அக்கா தங்கச்சியக் கட்டியிருக்கறம். நான் அக்காளக் கட்டுனவன், அதனால மூத்த சகலை. அவரு எளைய சகலை. இந்த ரெண்டு சீட்டும் எங்க ரெண்டு பேருக்குமா ஆனி மாசத்துலயே அவரு போட்டு வெச்சது. இன்னைக்குச் சாயங்காலம் பெங்களூர்ல ஆஸ்க்வின்டர் வாசிக்கறாங்க. அதுக்குத்தான் போறம். ரெண்டு பேரும்தான் போறம், ஆனா சேந்து போகல. எம்பக்கத்துல உக்கார மாட்டாராமா. நாலு மாசமாப் பேச்சு வார்த்தை இல்லீங்க.

எனக்கொண்ணும் வருத்தமில்லீங்க. அத மொதல்லயே சொல்லிர்றேன். வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். நான் பாட்டுக்கு நான் உண்டு எம்பட சோலி உண்டுன்னு இருக்கேன்.

என்ன சண்டைன்னா... இருங்க, அத எடுத்ததும் சொன்னா நீங்க சிரிப்பீங்க. மொதல்ல இருந்து வர்றேன்.

நான் பிரிண்டிங் பட்டறை வெச்சிருக்கறனுங்க. நாச்சிமுத்துக்கு ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில ஆர்டர் பாக்கற வேலை. அவருதான் இந்த ஸ்வீடன் ஆர்டரக் கொண்டாந்து குடுத்தாரு. படத்தப் பாத்தா ஒரே வேரும் கெளையுமா இருக்குது. எது மேல எது கீழன்னு ஒரு எழவும் புரியல. எங்க பட்டறை மாஸ்டரு சொன்னாரு, 'மரம்னா கெளை மேலதானுங்க இருக்கோணும்'னு. எனக்கும் ஞாயமாத்தான் பட்டுது. அடிச்சுட்டம். மொத லாட்டு முச்சூடும் அடிச்சு, காய வெச்சு, மடிச்சப்பறம் அங்கிருந்து சேதி வருது, படம் தலகீழு, அது கெளை இல்ல, வேருன்னு. அந்த லாட்டுத்தான் இப்ப உங்க மேல இருக்கறது.

மறுக்கா அப்படி ஆயிறக்கூடாதுன்னு நானும் நாச்சிமுத்தும் பட்டறைல உக்காந்து போன்ல தேடுனம். மேடைல பின்னால ஒரு பேனர் தொங்க விட்டிருப்பாங்கல்ல, அதுல எது மேல இருக்குதுன்னு பாத்துக்கலாம்னு. ஒரு வீடியோவத் தட்டுனாரு. அட சாமி!

பாடற ஆளு வாயத் தொறந்ததும் நான் பயந்தே போயிட்டனுங்க. தொண்டையா அது? ஜல்லி ஒடைக்கற மிஷினு. பின்னால ஒருத்தரு ட்ரம்ம ரெண்டு காலாலயும் மிதிக்கறாரு, நாளைக்கு ஷிப்மெண்டுன்னா நம்ம டைலருக மிதிப்பாங்கல்ல, அந்த மிதி. பேனரு தெளிவாத் தெரிஞ்சுது. சோலி முடிஞ்சுது. நாச்சிமுத்து நிறுத்தறதுக்கு வெரலக் கொண்டு போனாரு. அப்ப வந்துதுங்க.

கிட்டாருங்க. ரெண்டு கிட்டாரு. கல்யாணத்துல ஜோடி நாயனம் வாசிக்கறப்ப ஒருத்தரு மேல போவாரு, இன்னொருத்தரு சித்தெ கீழயே கூடப் போவாரில்ல, அந்த மாதிரி. அத்தன கத்தலுக்கும் இடிக்கும் அடில அப்படியொரு ராகம் ஓடுது தம்பி. நெஞ்சப் புடிச்சு இழுக்குது. நாச்சிமுத்து வெரலு அப்படியே நின்னு போச்சு. பாட்டு முடிஞ்சுது. 'சகலை, எதுக்கும் இன்னொருக்கா பேனரப் பாத்துக்கலாமா?'ன்னாரு. 'பாத்துக்கலாம், தப்பாயிறக்கூடாது'ன்னேன். அன்னைக்குப் பொழுது போற வரைக்கும் ரெண்டு பேரும் பேனரப் பாத்தமுங்க.

அதோட புடிச்சுது எங்களுக்குக் கிறுக்கு. கோத்தன்பர்க்னு ஒரு ஊரு இருக்குதுங்க ஸ்வீடன்ல. நம்மூருக்குப் பனியன் எப்படியோ, அந்த ஊருக்கு இந்தப் பாட்டு. தெருவுக்கு ஒரு கூட்டம் இருக்குமாட்ட இருக்குது. என்ன பாடறாங்கன்னு மொதல்ல புரியாது. அவங்களுக்கே புரியுமான்னு எனக்கு ஒரு சந்தேகம். வரிய எடுத்து நாச்சிமுத்து தமிழ்ல சொல்லுவாரு. செத்துப்போன அண்ணனுக்கு ஒரு பாட்டு. பனி மூடிப்போன ஊருக்கு ஒரு பாட்டு. கடலுக்குப் போயி வராத அப்பனுக்கு ஒண்ணு. ஒப்பாரிதானுங்க, வேறென்ன? ஆம்பளைக ஒப்பாரி. நம்மூர்ல ஆம்பள எங்கீங்க வாய் விட்டு அழுகறான்? எங்கப்பன் போனப்ப நான் பந்தக்காரனுக்கும் சமையக்காரனுக்கும் ஓடிட்டே இருந்தனுங்க, ஒரு சொட்டுக் கண்ணீரு வல்ல. வருசங் கழிச்சு இந்தாளு உறுமறதக் கேட்டுத்தான் வந்துது. பட்டறைல இங்க் டப்பா மேல உக்காந்து அழுதேன். நாச்சிமுத்து போயி டீ வாங்கியாந்து வெச்சாரு.

செரி, அத விடுங்க.

கேக்கறதுக்குத்தான் எடமில்ல. பட்டறைல சத்தமாப் போட்டா செக்கிங் பொண்ணுங்க, 'அண்ணா, தல வலிக்குது, இதுக்கு ஓவர்டைம் குடுங்க'ங்கறாங்க. ஊட்டுல போட்டா பக்கத்து ஊட்டம்மா ஓடியாந்து எம்பட ஊட்டுக்காரிகிட்ட, 'கோகிலா, அண்ணனுக்கு நெஞ்சு வலியா?'ன்னு கேக்கறாங்க. கோகிலாவுக்கு ஒருக்கா காதுல மாட்டி உட்டேன். அஞ்சே நிமிசத்துல தூங்கிட்டா. 'தறி ஓடற ஊட்டுல பொறந்தவ நானு, எனக்கு இது தாலாட்டுங்க'ங்கறா. அதனால எங்களுக்கு ஹெட்போன் ஒயருதான் கதி. ஒரு ஒயரு, ரெண்டு பேரு. எடது காது எனக்கு, வலது காது அவருக்கு. அவரு எப்பவும் எனக்கு வலது பக்கந்தான் உக்காருவாரு. இப்படியே வருசம் ஓடிப்போச்சு. டீக்கடை பெஞ்சு, கல்யாண மண்டபம், எழவு ஊடு, எங்க பாத்தாலும் எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு ஒயரு தொங்கும். சொந்தம் ஒறம்பரைல எங்களுக்குப் பேரே ரெட்டமாட்டு வண்டி.

அப்பறந்தானுங்க புது ஆல்பம் வந்துது.

கேளுங்க. இந்தப் பாட்டுலயே பழசு, புதுசுன்னு ரெண்டு கட்சி உண்டு. பழைய கட்சிக்காரங்க என்னம்பாங்கன்னா, உறுமோணும், உறுமிட்டே இருக்கோணும், கீபோர்டக் கண்ணுலயே காட்டக்கூடாது. புதுக் கட்சி என்னன்னா, உறுமலும் வேணும், நடுவால மனுசக் குரல்ல ரெண்டு வரி பாடுனா என்ன கெட்டுப்போச்சு? நான் புதுசுங்க. நாச்சிமுத்து பழசு. அதுவரைக்கும் அது கேலிப்பேச்சாத்தான் ஓடிட்டிருந்துது.

ஆடி நோம்பிக்கு மாமனாரு ஊட்டுல விருந்து. மருமகனுக ரெண்டு பேருக்கும் எலை போட்டாச்சு. கறிக்கொழம்பு, வறுவல், குடலு, எல்லாம் வந்துருச்சு. அன்னைக்குக் காலைலதான் ஆல்பம் வந்திருக்குது. பொறுக்க முடியுதா? எலைல உக்காந்துட்டே ஒயர மாட்டிக்கிட்டம். நாலாவது பாட்டு. மெதுவா எடுக்கறாங்க, ட்ரம்மு வருது, உறுமறாரு, உறுமறாரு, பாதிக்கு மேல போனதும் எல்லாம் ஒருக்கா நின்னு, அப்படியே தொறந்துக்குது பாருங்க! பெரிய பாரத்த எறக்கி வெச்சுட்டு நிமிந்து நிக்கற மாதிரி. எனக்கு மயிரு சிலுத்துப்போச்சு. திரும்பிப் பாக்கறேன், நாச்சிமுத்து மூஞ்சி வேப்பெண்ணெ குடிச்ச மாதிரி இருக்குது.

'பாட ஆரம்பிச்சுட்டான் பாத்தீங்களா சகலை? உறுமலையே காணம். சினிமா டூயட்டு மாதிரி பாடறான்'ங்கறாரு.

'எங்கீங்க முழுசாப் பாடறாரு? உறுமலுந்தான இருக்குது. நல்லாக் கேளுங்க'ன்னேன்.

'இல்லீங்க.'

'இருக்குதுங்க.'

'எங்க இருக்குது? நானும் இதே பாட்டத்தான கேக்கறேன்? எங்காது என்ன செவிடா?'

அங்கதான் நான் ஒரு வார்த்த சொல்லிட்டேன். பெருசா ஒண்ணுமில்லீங்க. 'உனக்குப் பாட்டே கேக்கத் தெரியாது, சத்தந்தான் கேக்கத் தெரியும்'னேன். அம்புட்டுத்தான். அதுக்குப் போயி அந்த மனுசன் ஒயரப் புடுங்கிக் கறிக்கொழம்புல போட்டுட்டு, எலையப் பாதில உட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டாருங்க. ரசங்கூட வரல. மாமனாரு ஊட்டு விருந்துல மருமகன் பாதி எலைல எந்திரிக்கறதுன்னா சும்மாவா? எங்க மாமியாக்காரி கரண்டியோட அப்படியே நின்னுட்டாங்க. 

அப்பறம் நடந்தது கூத்துங்க. ஒறம்பரைல ஒரு ஆளு நம்பல. 'ஸ்வீடன்காரன் உறுமுனானா பாடுனானான்னா ரெண்டு பேரு சண்ட போட்டாங்க? யாருகிட்டக் காது குத்தறீங்க? உள்ளுக்குள்ள வேற வெசயம் இருக்குது'ன்னு பேச்சாயிப் போச்சு. அக்கா தங்கச்சி ரெண்டும் போன்ல குசுகுசுன்னு பேசி, மாமனாரு காதுக்குப் போயி, அவரு முடிவே பண்ணிட்டாரு, இது பல்லடத்துல இருக்கற அவரு சைட்டு மேலதான் சண்டைன்னு. ஒரு ஞாயித்துக்கெழம ரெண்டு பேரையும் கூப்புட்டு உக்கார வெச்சுட்டு, 'பொறவு எதுக்கு மாப்ளைகளா மனத்தாங்கலு, சரிபாதியாப் பிரிச்சு ரெண்டு பொண்ணுக பேருலயும் எழுதி வெச்சர்றேன்'ங்கறாரு. எங்களுக்கு அப்படியொரு சைட்டு இருக்கறதே அப்பத்தானுங்க தெரியும்!

'மாமா, எடமெல்லாம் வேண்டாம். அந்தாளு உறுமறாரா பாடறாரா, அதுதான் பிரச்சனை'ன்னேன்.

'எந்தாளு?'

'ஸ்வீடன்காரரு.'

'அவன் எதுக்கு நம்ம சைட்டுக்குள்ள வர்றான்?'ங்கறாரு.

கடைசில, குடுங்க நானே கேக்கறேன்னு வாங்கி, ரெண்டு காதுலயும் மாட்டிக்கிட்டு, கண்ண மூடிக்கிட்டுக் கேட்டாருங்க. நாலாவது பாட்டு, முழுசா. மாமியாக்காரி பக்கத்துல சொம்புத் தண்ணியோட நிக்கறாங்க, என்னமோ ஆயிருமோன்னு. கேட்டு முடிச்சுட்டுச் சொல்றாரு, 'இதுல என்ன சண்டை? ஒருத்தன் பாடறான், ஒருத்தன் அதட்டறான். ரெண்டு பேரும் இருக்கறாங்கல்ல?'

நாங்க ரெண்டு பேரும் ஒரே நேரத்துல, 'ரெண்டு பேரா? ஒரே ஆளு மாமா!'ன்னு கத்திட்டம். கத்திட்டு ஒருத்தர ஒருத்தரு பாத்தம். சிரிப்பு வந்துருச்சுங்க எனக்கு. அவருக்கும் ஓரத்துல வந்துது, நான் பாத்தேன். அப்பப் பேசியிருக்கலாம். ஆனா எளையவரில்லீங்களா மொதல்ல பேசோணும்? நான் வீம்புக்கு அவரு வாயையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். அவரும் எந்திரிச்சு வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாரு. 

அதுல இருந்து இப்படித்தான். பஸ்ஸு டிக்கெட்டு, நிகழ்ச்சி டிக்கெட்டு, ரெண்டையும் அவரு போன்லதான் போட்டிருந்தாரு. போன வாரம் அவரு ஊட்டுக்காரி பிரேமா போன்ல இருந்து எம்பட ஊட்டுக்காரி போனுக்கு வந்துது. ஒரு எழுத்து இல்ல, வெறும் டிக்கெட்டு. பாத்தீங்களா ரோசத்த? எனக்கு நல்லாப் போச்சு, நிம்மதியாக் கேட்டுட்டிருக்கேன்.

நிம்மதின்னா... என்ன நிம்மதி. பொய் சொல்லி என்ன பண்றது. கஷ்டமாத்தான் இருக்குதுங்க. பாட்டு கேக்கறது பெருசில்ல தம்பி. ஒரு எடம் வரும், அப்ப டக்குன்னு திரும்பி, 'கேட்டீங்களா?'ன்னு ஒருத்தரப் பாக்கோணும். அவரு 'கேட்டேன்'னு தலையாட்டோணும். திருப்பூர்ல இத்தன லட்சம் சனத்துல எனக்கு அதுக்கு ஒரே ஒரு ஆளுதானுங்க இருந்தாரு. இப்பெல்லாம் நான் திரும்பினா மாஸ்டரு நிக்கறாரு, 'என்னுங்க, இங்க் தீந்துருச்சுங்களா?'ங்கறாரு.

என்னங்க அப்படிப் பாக்கறீங்க? எதக் கேக்கறீங்க? எந்தக் காதா? சொன்னனில்ல, எடது எனக்கு, வலது அவருக்கு.

இப்பவா? இப்பத் தனியாக் கேக்கறப்பவும் எடதுல மட்டுந்தானுங்க. வலதத் தொங்க உட்டுருவேன். ஏன்னா... ஏன்னு கேட்டா என்னத்தச் சொல்றது. அது அவருதில்லீங்களா. அதையும் எடுத்து நானே மாட்டிக்கிட்டா, இனிமே அவரு வரவே மாட்டாருன்னு ஆயிப்போன மாதிரி இருக்குது. அதனால மாட்டறதில்ல.

மாட்டிப் பாக்கோணுமா? இப்பவேவா? எதுக்குங்க? செரி, உங்க ஆசையக் கெடுப்பானேன். இருங்க, ஒயரு சிக்கிக் கெடக்குது. நாலாவது பாட்டுத்தான? அந்த எடம் வரட்டும்.

ம்.

தம்பி.

வலதுல பாடறாருங்க.

எடதுல உறுமறாரு. வலதுல பாடறாரு. ஒரே ஆளுதான், ரெண்டு தடவ பாடி ஒட்டியிருக்காங்க. எடதுல கீபோர்டே இல்ல, வலதுல மழையாக் கொட்டுது. அட கெரகமே! அப்ப அவரு சொன்னது... அவருக்கு உறுமலு கேக்கவே இல்லீங்க. எனக்குப் பாட்டு சரியாக் கேக்கல, எங்கயோ தூரத்துல கேட்டுது. ரெண்டு பேரும் பொய் சொல்லல. மாமனாரு கேட்டாரு பாருங்க ரெண்டு காதுலயும்! ஒருத்தன் பாடறான், ஒருத்தன் அதட்டறான்னு பளிச்சுன்னு சொன்னாரே மனுசன்! இந்தப் பாட்டப் பத்தி இவருக்கு என்ன தெரியும்னு நாங்க அவரு மேலயே கத்துனம்!

கிட்டாரும் அப்படித்தானுங்களா? இருங்க, பழைய பாட்டு ஒண்ணப் போடறேன். ஆமாங்க. எடதுல ஒண்ணு, வலதுல ஒண்ணு. மொத நாளு போன்ல சத்தமாப் போட்டுக் கேட்டம் பாருங்க, அதோட செரி. அப்பறம் இத்தன வருசமா ஜோடி நாயனம் ஜோடி நாயனம்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தேன், எனக்கு ஒரு நாயனம், அவருக்கு ஒரு நாயனம். சேத்துக் கேட்டா இவ்வளவு நல்லா இருக்குது. தெரியவே இல்லீங்களே.

சிரிங்க, சிரிங்க. சிரிக்கத்தான் வேணும்.

போயிச் சொல்றதா? நானா? நல்லாச் சொன்னீங்க போங்க. நான் மூத்தவனுங்க. எலைல இருந்து எந்திரிச்சுப் போனது யாரு? நானா? அவரு வந்து 'சகலை'ன்னு ஒரு வார்த்த கூப்புடட்டும், நான் ரெண்டு காதையும் சேத்துக் குடுக்கறேன். அதுவரைக்கும் இந்த எடத்த உட்டு அசையறதில்ல.

என்னங்க போன்ல நோண்டறீங்க? எங்க பாட்டுக்காரங்களத் தேடறீங்களா? தேடுங்க தேடுங்க, போட்டோவெல்லாம் நல்லா இருக்கும். ஆமாங்க, ஆஸ்க்வின்டர்தான். ஆமா, இன்னைக்குத்தான் நிகழ்ச்சி. என்னது?

மறுக்கா வாசிங்க.

ரத்தா? இன்னைக்கா? பாடறவருக்குத் தொண்டை... டாக்டரு பேசக்கூடாதுன்னு... செரிங்க. செரிங்க, போதும். வாசிக்க வேண்டாம்.

எனக்கு ஒரு சேதியும் வல்லீங்களே. டிக்கெட்டு அவரு நம்பர்ல போட்டது, வந்தா அவருக்குத்தான் வந்திருக்கும். அவரு பாத்திருக்க மாட்டாரு. பாத்திருந்தா எதுக்கு பஸ்ஸு ஏறறாரு? ஐயோ, அங்க பாருங்க, எப்படி நெட்டுக்கா உக்காந்திருக்காருன்னு. பனியன இஸ்திரி போட்டுல்ல போட்டுட்டு வந்திருக்காரு. இந்தக் கூட்டத்த ஒரு நாளாவது நேருல பாத்துரோணும் சகலை, பாத்துரோணும் சகலைன்னு அஞ்சாறு வருசமாச் சொல்லிட்டிருந்த மனுசன். இப்படியே பெங்களூர் போயி எறங்கி, அங்க வாசல் கேட்டுல நிக்கற ஆளு சொல்லித் தெரிஞ்சுதுன்னா ஒடஞ்சு போயிருவாருங்க.

நீங்க போயிச் சொல்றீங்களா? வேண்டாங்க. வேண்டாம், உக்காருங்க. உங்களத் தப்பாச் சொல்லல. ஆனா இத அவரு வெளியாளு வாயால கேக்கக்கூடாது. காலச் சித்தெ ஒதுக்கிக்கங்க, நான் போயிட்டு வந்தர்றேன்.

*

வந்துட்டனுங்க.

தெரியுமாமா. காலைல பல்லு வெளக்கறப்பவே மெசேஜு வந்துருச்சாமா.

'அப்பறம் எதுக்கு நாச்சி பஸ்ஸு ஏறுனீங்க?'ன்னு கேட்டேன். மனுசன் தலையக் குனிஞ்சுட்டாருங்க. எங்கிட்டச் சொல்லிப்போட்டு ஊட்டுக்குத் திரும்பிரலாம்னுதான் ஸ்டேண்டுக்கே வந்தாராமா. வந்து சன்னல்ல எட்டிப் பாத்தா, நான் மொத ஆளா ஏறி உக்காந்துட்டு, பக்கத்துச் சீட்டக் கர்ச்சீப்பால தொடச்சுட்டு இருந்தனாமா. தொடச்சேன், ஆமா. தூசியா இருந்துது, தொடச்சேன். 'அப்படித் தொடச்சுட்டு இருந்தீங்க சகலை, எனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீங்க ஏறிட்டீங்க, அதனால நானும் ஏறிட்டேன். பக்கத்துல உக்காந்தா வாய் உட்டுச் சொல்லிப்புடுவேன்னுதான் முன்னால வந்துட்டேன்'ங்கறாரு.

அதக் கேட்டதும் எனக்குக் கண்ணு ரெண்டும் முட்டிக்கிச்சு. கம்பியப் புடிச்சுட்டு நிக்கறேன், கண்டக்டரு ஒரு மாதிரிப் பாக்கறாரு. ஏதாச்சும் பேசோணுமேன்னு, 'தொண்டைக்கு என்னவாமா?'ன்னு கேட்டேன். கேக்காமயே இருந்திருக்கலாம். நாச்சிமுத்து என்ன சொல்றாரு தெரியுமுங்களா? 'உறுமிட்டு இருந்த வரைக்கும் நல்லாத்தான இருந்துது? பாட ஆரம்பிச்சாரு, போச்சு! நாந்தான் அன்னைக்கே சொன்னனே'ங்கறாருங்க! என்ன லொள்ளு பாருங்க! உறுமி உறுமிப் போன தொண்டைய ரெண்டு வரி பாடுனதால போச்சுங்கறாரு!

நீங்க சித்தெ எந்திரிச்சு முன்னால போயிக்கறீங்களா தம்பி? கோவிச்சுக்காதீங்க, அதா பையத் தூக்கிட்டு வந்துட்டே இருக்காரு. பெங்களூர் போயி என்ன பண்றதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியல, அதப் போயிப் பாத்துக்கலாம். வலது காது வெசயத்த இன்னும் அவருகிட்டச் சொல்லல, அதச் சொல்லிப்போட்டு, இந்தத் தொண்டை வெசயத்துக்கும் ஒரு முடிவு கட்டோணும். நாலு மாசமாச் சண்ட போட ஆளில்லாம நான் பட்ட பாடு எனக்குத்தானுங்க தெரியும்.